எழுபது வயதில் கூறைப் புடவை

"எழுபது வயசுல கூறைப் புடவை எதுக்குப்பா?"

பக்கத்து வீட்டுக் கந்தன் கேட்டதும், தறிக்குழியில் இறங்கப் போன திருஞானசம்பந்தம் அப்படியே நின்றார்.

"யாருக்கு?"

"உங்க அக்காளுக்குத்தான். நேத்து தென்னேரிப் பெரியவர் ஒருத்தர் எங்க ஊட்டுக்கு வந்து அரக்கு செவப்புல பட்டு ஒண்ணு எடுத்துக்கினு போனாரு. யாருக்குங்கன்னு கேட்டேன். முதியோர் விடுதியில இருக்கிற ஏலவார்குழலியம்மாவுக்குன்னாரு. அந்த ஆளும் அங்கதான் இருக்கிறாராம். எதிர் ரூமு!"

கந்தன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். அவன் மனைவி அடக்கக்கூட இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு ஆண் ஒரு பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் பட்டு எடுத்தால் என்ன அர்த்தம் என்று தறிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பந்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளிக்கிழமை மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் ஆரணி. இந்தச் சிரிப்பு ஆரணி போய்ச் சேர ஒரு பஸ் போதும்.

"எனக்கு அக்காளே இல்லைன்னு ஊரறியச் சொல்லிட்டேன். எங்கிட்ட ஏம்பா சொல்ற?" என்று கந்தனிடம் எரிந்து விழுந்தார். ஆனால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊரறியச் சொன்னது உண்மைதான். மகள் கல்யாணத்தில் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குச் சுற்றி எடுத்துப் போனபோது, குழலியை மட்டும் தாண்டிக்கொண்டு போனார்கள். புருஷன் விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போய்த் திரும்பாதவளாம், அவள் கை படக் கூடாதாம். ஏன் தாண்டினீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்டது குற்றமாகிவிட்டது. "இனிமே நீ எனக்கு அக்காளும் இல்ல, நான் உனக்குத் தம்பியும் இல்ல. செத்தாலும் சொல்லி அனுப்பாதே" என்று பந்தலிலேயே கத்தினார் சம்பந்தம். அன்று படி இறங்கியவள்தான்.

விடுதி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் குழலி. நெற்றியில் அதே பெரிய பொட்டு. சம்பந்தத்தைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'எந்த மூஞ்சியோட என் எதிர்ல நிப்பா?' என்று நினைத்துக்கொண்டார் சம்பந்தம்.

"யாருங்க வேணும்?" என்றாள் சமையல்கார மணியம்மாள்.

"தென்னேரிக்காரன் எவன்?"

அவள் எதிர் அறையைக் காட்டினாள். உள்ளே அந்தத் தென்னேரிப் பெரியவர் ராமலிங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயலில் காய்ந்த உடம்பு. காதில் கடுக்கன் போட்ட துளை மட்டும் இருந்தது, கடுக்கன் இல்லை. இந்த மூளிக் காதுக்காரருக்குப் பட்டு கேட்கிறதா என்று பற்றிக்கொண்டு வந்தது சம்பந்தத்துக்கு.

"அரக்குச் செவப்புல பொடவை எடுத்தியாமே? அந்தம்மாவுக்கு?"

அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாங்க. பொட்டியில இருக்குது."

"இன்னும் குடுக்கலையா? நாள் பாத்துக்கினு இருக்கிறியா?"

ராமலிங்கம் பதறிப் போனார். "அப்படிச் சொல்லாதீங்க. அந்த நாளு மெதுவா வரட்டும்."

"வெக்கமாயில்ல உனக்கு? காடு வா வாங்குற வயசுல இது ஒரு கேடா? அந்தம்மாவுக்குப் பின்னால ஒரு குடும்பம் இருக்குதுய்யா. மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குது!"

சத்தம் கேட்டு அறை அறையாகக் கதவுகள் திறந்தன. கிழவர்களும் கிழவிகளும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். எதிர்க் கதவு மட்டும் திறக்கவில்லை. ஆள் சேர்ந்ததும் சம்பந்தத்துக்கு வேகம் கூடியது. கட்டிலடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தார்.

"எடு வெளிய! உன் கூறைப் பொடவைய எல்லாரும் பாக்கட்டும்!"

ராமலிங்கம் கீழே விழாத குறையாக இறங்கி, பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

"தொடாதீங்க! அவங்க உசுரோட இருக்கும்போது அதை வெளிய எடுக்கக் கூடாது!"

சம்பந்தத்தின் கை நின்றது.

"அது கூறை இல்லீங்க. கோடி." எதிர் அறைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ராமலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன மாசம் இங்க ஒரு அம்மா தவறிப் போச்சு. பொறந்த ஊட்லருந்து கோடிப் பொடவை வரும், வரும்னு பொழுது சாயற வரைக்கும் பொணத்தைப் போட்டு வெச்சிக்கினு இருந்தோம். யாரும் வரல. கட்டின பழம் பொடவையோடயே தூக்கிக்கினு போனாங்க. அன்னியிலருந்து குழலியம்மா சரியாச் சாப்பிடல. பொட்டோட போறவளுக்குச் செவப்புக் கோடி போட ஆளில்லையேன்னு ஒரே அழுக. காலமெல்லாம் பட்டு நூல் சுத்தின கையி, பாவம். நான் அண்ணனா நின்னு போடறேன், நீ சோறு துன்னு தாயின்னேன். நான் முந்திக்கினா மேனேஜரு எடுத்துக் குடுப்பாரு. சொல்லி வெச்சிருக்கிறேன்."

சம்பந்தம் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ராமலிங்கத்துக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கிறீங்க. பொறந்த ஊட்டுப் பக்கம் ஒருத்தரும் இல்லைன்னுதான் அவங்க சொன்னாங்க. ஆமா... நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"