வீட்டு நடுவர்

"அம்மா! அப்பா! நான் பாஸாயிட்டேன்! நடுவர் ஆயிட்டேன்!"

போனைத் தூக்கிப் பிடித்தபடி மகள் பாய்ந்து வந்த வேகத்தில், கதவு சுவரில் மோதித் திரும்பியது.

தையல் மெஷினில் இருந்த அம்மா துள்ளி எழுந்தாள். "என் தங்கமே!" அடுத்த நொடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு. ஸ்வீட் வாங்கிட்டு வரட்டும்" என்றாள்.

அந்த அப்பா ஒன்றும் வெளியூரில் இல்லை. ஒரு கை தூரத்தில் நின்று, டிரைவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஸ்வீட்டுன்னு உங்கம்மாவைக் கேளு. அது சரி, நீதிபதி ஆகப்போறேன்னு சொல்லிட்டு இருந்தே, இப்ப நடுவர்ங்கிறே? செடி நடுவாங்களே, அதுவா?"

"ஐயோ அப்பா! மாஜிஸ்திரேட்டைத் தமிழ்ல நடுவர்னு சொல்வாங்க. இன்டர்வியூல முதல் கேள்வியே அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னுதான். நடுன்னா மத்தி. எந்தப் பக்கமும் சாயாம நடுவுல நிக்கிறவர் நடுவர். வீட்டுல எனக்கு அந்த வேலைதான் சார்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க!"

உண்மைதான். ஸ்கூல் பை தூக்கிய வயதிலிருந்து அவளுக்கு அதே வேலை. அப்பா சொன்னதை அம்மாவிடம், அம்மா சொன்னதை அப்பாவிடம். பெற்ற பிள்ளையைத் தூது விட்டே காலம் தள்ளிய ஜோடி. இப்படியும் ஒரு வறட்டுப் பிடிவாதமா!

"உங்கப்பாவைக் கேளு, உன்னை எந்த ஊர்ல போடுவாங்கன்னு..."

"முடியாது!" மேஜையில் ஓங்கித் தட்டினாள் மகள். "நான் வெளியூர் போயிட்டா யாரு நடுவுல நிப்பா? பட்டினியாவே கிடப்பீங்க. இதுதான் என் முதல் கேஸ், இப்பவே தீர்ப்பு சொல்றேன். நீங்க பேச்சை நிறுத்தின அன்னிக்கு என்ன சண்டை? யார் மேல தப்பு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சண்டைங்க அது?" என்றாள் அம்மா, நேராக அப்பாவிடமே!

"யாருக்கு ஞாபகம் இருக்கு? மறுநாளே ராசியாயிட்டோமே."

"அப்போ இத்தனை வருஷம்?" என்றாள் மகள்.

அப்பா பட்டனை விட்டுவிட்டார். "சின்னப் பிள்ளையில உனக்குத் திக்கும்மா. கிளாஸ்ல சிரிச்சாங்கன்னு பேசறதையே விட்டுட்டே. பார்க்காத டாக்டர் இல்ல. அந்தச் சண்டை அன்னிக்குத்தான் என்கிட்ட ஓடி வந்து, 'அம்மாவுக்குத் தலைவலி, நீங்களே டீ போட்டுக்கணுமாம்'னு திக்காம சொன்னே. நாங்க நேரா பேசிக்கிட்டா, தூது வேலை இல்லாம நீ மறுபடி வாயை மூடிக்குவியோன்னு பயம்."

"வக்கீல் ஆனப்புறமுமா?"

"இன்டர்வியூ ரிசல்ட் வரட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "தினமும் நீ கோர்ட்டுக்குக் கிளம்பினதும் வாய் வலிக்கப் பேசித் தீர்த்துக்குவோம்."

மகளின் உதடு துடித்தது. "அ... அ... அம்..."

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லுடி, என் பொண்ணை அழ வைக்க வேணாம்னு!"