சம்பந்தி வீட்டு ஆடு

"சம்பந்தியம்மாங்களா? வணக்கங்க!" என்று சொல்லும்போதே தங்கராஜு போனோடு எழுந்து நின்றுவிட்டார்.

"ஆமாங்க சம்பந்தி, வணக்கங்க" என்றது காதில் ஒரு பெண்குரல். அதற்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது.

சிரம்பான் டவுனில் இருந்துகொண்டு ஆடு வளர்க்கிறார்களா! உழைக்கிற குடும்பம்தான் என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

தங்கராஜு மலேசியாவில் லாபு தோட்டத்து ஒயர்மேன். மகளுக்கு அமைந்த நல்ல சம்பந்தம், கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற இழுபறியில் கைநழுவப் பார்த்தது. இவர் தோட்டத்துக் கோயில் என்றார், அவர்கள் சிரம்பான் ஹால் என்றார்கள். இன்று மாலை ஆறு மணிக்கு அவர்கள் போன் செய்து முடிவைச் சொல்வதாக ஏற்பாடு; சொன்னபடி மணியும் அடித்தது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? மனைவி பஞ்சாலை புதிய கார்ட்லெஸ் போன் ஒன்றை வாங்கிவந்து, "அந்தப் பழச வீசுங்கலா" என்றாள். வேலை செய்கிற போனை யாராவது வீசுவார்களா? பழசையும் புதுசையும் ஒரே லைனில் சேர்த்துப் பூட்டிவிட்டார். பழசு அவருக்கு, புதுசு அவளுக்கு.

அன்றைக்கு இருவருக்குமிடையே நின்ற பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. எதுவானாலும் மகள்தான் தூது. போதாததற்குப் புதுசைப் பூட்டியதிலிருந்து லைனில் ஒரே இரைச்சல், யார் பேசினாலும் பால் டின்னுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டது.

"கோயில்லதான்னு நான் பிடிவாதம் பண்ணலீங்க. ஹால்னாலும் சரிதாங்க" என்றார் தங்கராஜு.

"ஐயோ, நானும் அதத்தாங்க சொல்ல வந்தேன். ஹால்லயே வச்சிருவோம்."

தங்கராஜுவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு தன்மையான மனுஷியா! மனசில் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"எங்க வீட்டுல ஒன்னு இருக்குங்க. அது கோணலா ஏதாச்சும் பேசுனா மனசுல வச்சிக்காதீங்க."

"எங்க வீட்டு மனுசன் மட்டும் என்னவாம்? ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காருங்க."

"உங்கள மாதிரி பொம்பள கெடைக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்ங்க."

"அந்தாளுக்கு அது தெரியலியே!" குரல் தழுதழுத்தது.

ஆடு மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை போனிலும் கத்தியது, கொல்லைப்புறத்திலும் கத்தியது.

தங்கராஜு மெல்லத் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தார். ஆட்டுக்கொட்டகை வாசலில் பஞ்சாலை புதுப் போனைக் காதில் வைத்தபடி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போனில் ஓர் ஆண்குரல் கனைத்தது.

"புருஷனும் பொண்டாட்டியும் பேசி முடிச்சாச்சுன்னா, மாப்பிள்ளையோட அப்பா நான் ஒரு வார்த்த பேசலாமா?"