இரண்டு மணி வேண்டாம்

வல்லம் தாண்டியதும் முதலாளி ராஜாராம் மறுபடியும் கூப்பிட்டார்.

"அவன் போன வாங்கிட்டியா இல்லியா?"

"இன்னும் இல்ல" என்றான் வெற்றிவேல். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். ஒரு கையால்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் பெரியதம்பி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பின்னால் காலி ஐஸ் பெட்டி. மேல்சித்தாமூரில் காலையில் பிணத்தை எடுத்ததும், பெட்டியைக் கழுவித் துடைத்து ஏற்றிக்கொண்டு செஞ்சிக்குத் திரும்புகிற வழி. பன்னிரண்டு வருஷமாக இந்த வண்டிக்கு இவர்கள் இரண்டு பேர்தான். வெற்றிவேல் ஓட்டுவான். பெட்டியை இருவருமாகத் தூக்குவார்கள்.

பெரியதம்பியின் பெண்சாதி மங்கை ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இன்று காலை பத்தேகாலுக்குப் போய்விட்டாள். ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

வீடு போய்ச் சேரும்வரை பெரியதம்பிக்கு அது தெரியக் கூடாது. மகன் அன்புச்செல்வன் முதலாளியிடம் அழுதுகொண்டே கேட்டது அது ஒன்றைத்தான்.

சாவுச் சேதியை இந்தப் பக்கத்தில் யாரும் அப்படியே போட்டு உடைப்பதில்லை. கொஞ்சம் சீரியஸ், உடனே புறப்பட்டு வா என்பார்கள். வருகிறவன் கால் தடுமாறாமல் வாசல்வரைக்கும் வந்து சேர வேண்டுமே.

வெற்றிவேலும் அப்படித்தான் சொன்னான். அத்தைக்குக் கொஞ்சம் முடியலியாம் மாமா, அன்பு வரச் சொல்றான்.

சரிப்பா என்றார் பெரியதம்பி. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெற்றிவேலுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

காரியத்தைக் கெடுத்தது காலண்டர்.

முதலாளியின் மகள் வெண்மதி, சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். அவளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற ஏஐ ஒன்று லேப்டாப்பில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து, பெட்டி புக்கிங் காலண்டரை அதோடு இணைத்துவிட்டாள். யார் போயிட்டாங்க, எந்த ஊரு, எத்தனை மணின்னு எனக்கு ஒரு போன் போடுங்கப்பா, நான் ஒரு வரி அடிச்சா போதும் என்றாள். எந்தப் பெட்டி காலி, எந்த ஆள் காலி என்று அதுவே பார்த்துப் போட்டுவிடும். ஆட்கள் போனுக்கும் தமிழிலேயே அனுப்பிவிடும்.

பெரியதம்பிக்கு எதுக்கும்மா, அவனுக்குப் படிக்கவே தெரியாதே என்றார் ராஜாராம். தூக்குகிற ஆள் நம்பர் இல்லாமல் அது புக்கிங்கையே எடுத்துக்கொள்ளாது என்று சொல்லி அந்த நம்பரையும் போட்டாள்.

இன்று மீட்டிங்கில் இருந்தவள், அப்பா சொன்ன பெயரை மட்டும் காதில் வாங்கி ஒரு வரி அடித்தாள். மங்கை யார் என்று அவளுக்குத் தெரியாது. ஏஐக்கும் தெரியாது. அது சரியாகத்தான் செய்திருந்தது. பெட்டி எண் இரண்டு. மதியம் இரண்டு மணி. பெயர் மங்கை. ஓட்டுநர் வெற்றிவேல். தூக்குபவர் பெரியதம்பி.

அதே சேதி பெரியதம்பியின் சட்டைப் பையிலும் கிடந்தது.

போனில் எது வந்தாலும் இன்னா போட்டிருக்கான் பாருடா என்று யாரிடமாவது நீட்டுகிற மனுஷன். அதனால்தான் வெற்றிவேல் இன்று எந்த டீக்கடையிலும் வண்டியை நிறுத்தவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவள் மங்கைதான். போன வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். வகுப்பு முடிகிறவரை பெரியதம்பி ஜன்னலுக்கு வெளியே சைக்கிளோடு நிற்பார். வாத்தியாரம்மா அத்தையைத் தூக்கிக்கினு போயிடுவாங்கன்னு காவலா மாமா என்று வெற்றிவேல் சீண்டுவான். ஆமாண்டா, உனக்கின்னா என்பார்.

வெற்றிவேல் வண்டியை ஓரங்கட்டினான்.

"மாமா, என் போனுல சார்ஜ் தீந்துபோச்சு. உன்னுத குடு, அன்புகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

இப்போதுதானே அதில் பேசினோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பெரியதம்பி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஒண்ணுக்குப் போகிறவன் மாதிரி இறங்கி வண்டிக்குப் பின்னால் போனான். அழித்துவிட்டால் தீர்ந்தது. விரலால் தேய்த்ததும் அந்தச் சேதியே திறந்துகொண்டு நின்றது.

வருகிறீர்களா என்று கேட்டிருந்த இடத்தில், ஆம் என்று பதில் போயிருந்தது.

கை பட்டிருக்கும் என்று நினைத்தான்.

அதற்கும் கீழே, எழுத்து எழுத்தாகத் தடவி அடித்த ஒரு வரி இருந்தது. புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் புள்ளி இல்லை.

இரண்டு மணி வேண்டாம். பெட்டி கழுவிவிட்டேன். இப்பவே எடுத்து வருகிறேன்.

அதற்கு ஏஐ பதில் போட்டிருந்தது. நேரம் பன்னிரண்டு மணிக்கு மாற்றப்பட்டது. நன்றி.

பக்கத்தில் நேரம் இருந்தது. பத்து நாற்பத்தாறு.

முதலாளி வெற்றிவேலுக்கு முதல்முறை போன் செய்தது பதினோரு மணிக்கு. அத்தைக்குக் கொஞ்சம் முடியலியாம் என்று இவன் சொன்னது அதற்கும் பிறகு.

அவன் திரும்பி வந்து ஏறினான். போனை நீட்டினான். பெரியதம்பி அதைப் பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"லைன் கெடச்சுதா?"

"கெடைக்கல மாமா."

"உடு. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

வண்டி புறப்பட்டது. மங்கைக்கு ஆஸ்பத்திரிச் சோறு ஒத்துக்கொள்வதில்லை என்று பெரியதம்பிதான் பேச்சை ஆரம்பித்தார். செஞ்சி போய்ச் சேரும்வரை, அவளை எந்தக் கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றே இருவரும் பேசிக்கொண்டு போனார்கள்.