ஓபன் ஸ்கூலுக்கு சீட் இல்லை

"ஓபன் ஸ்கூலா? சீட்டு கெடையாது. ஓரமா நில்லு. அடுத்த ஆளு வாங்க!"

திருப்பதியில் அந்தத் தனியார் சட்டக் கல்லூரியின் சேர்க்கை கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த யசோதா, சான்றிதழ்களை முழுசாகப் புரட்டக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பைலைத் தள்ளிவிட்டாள்.

பிரமிளா நகரவில்லை. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, வரதய்யபாளையத்தில் முதல் பஸ் பிடித்து வந்தவள். நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கி, கவுன்சிலிங்கில் இந்தக் கல்லூரியும் கிடைத்தாயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்குள் சேராவிட்டால், முப்பத்து மூன்று வயதில் கிடைத்த சீட் கையை விட்டுப் போய்விடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

"மேடம், ரூல்ல அப்படி இல்ல."

"ஓகோ! எனக்கே ரூல் சொல்றியா? எங்க, சொல்லு பாப்போம்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிரமிளாவுக்குக் காது சுட்டது. ஆனால் அவள் பயந்து பின்வாங்குகிற ரகம் இல்லை. ஸ்ரீசிட்டி கம்பெனியில் எந்தக் காண்ட்ராக்ட் பேப்பர் வந்தாலும், அவள் கடைசி வரிவரை படித்துச் சொன்ன பிறகுதான் கூட வேலை செய்கிறவர்கள் கையெழுத்தே போடுவார்கள்.

"பத்தாவது ஜில்லா பரிஷத் ஸ்கூல்ல ரெகுலரா பாஸ் பண்ணேன். அப்பறம் எங்க நைனா படுத்துட்டாரு. வேலைக்குப் போய்க்கினே ஓபன் ஸ்கூல்ல இன்டர், அதான் பன்னெண்டாவது, எழுதினேன். அதுக்கப்பறம்..."

"கதையெல்லாம் எதுக்கு? உங்க நைனா படுத்ததுக்கா சீட்டு குடுப்பாங்க? ரெண்டே வார்த்தையில சொல்லு."

பிரமிளா பல்லைக் கடித்துக்கொண்டாள். படுக்கையில் விழுந்த அப்பாவை இழுத்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கீழ்ப் படிப்பே இல்லாம நேரா மேல் படிப்பு வாங்கினவங்களுக்குத்தான் தடை. நான் பத்தாவது, இன்டர், டிகிரி மூணும் படிப்படியா முடிச்சிருக்கேன். தபால்ல படிச்சதும் செல்லும்னு அதே ரூல்ல எழுதியிருக்குது."

"ஓபன் ஸ்கூல் போர்டை எவன் மதிக்கறான்?"

"கவர்மென்ட் நடத்தற போர்டு மேடம். அதை மதிச்சுத்தான் பரீட்சை எழுத வுட்டாங்க, ரேங்க் குடுத்தாங்க, உங்க காலேஜையும் குடுத்தாங்க."

"சரி, நாளைக்கு வக்கீலாப் பதிவு பண்ணப் போவ சொல்லோ, பார் கவுன்சில்ல முடியாதுன்னா? எங்க வாசல்ல வந்து அழுவியா?"

"இந்த ரூலை எழுதினதே பார் கவுன்சில்தான். அவங்க எழுதினதை அவங்களே தள்ளுவாங்களா?"

"கத்தாத. இதையே மொள்ளமா சொல்லு."

சொன்னாள். யசோதா விடவில்லை. இன்னொரு தரம், இந்த முறை தெலுங்கில் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னாள். குரங்காட்டி கையில் மாட்டிக்கொண்ட கதையாக இருந்தது பிரமிளாவுக்கு.

"உக்கார நாற்காலி கெடச்சிட்டா சில பேருக்குத் தலைகால் புரியறதில்ல" என்றாள், யசோதாவின் காதில் விழும்படியாகவே.

யசோதா பைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, உன் சட்டத்தை எல்லாம் பிரின்சிபல்கிட்ட வந்து பேசு."

பிரின்சிபல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யசோதா தெலுங்கில் ஆரம்பித்தாள். "ஓபன் ஸ்கூல் கேஸு சார். எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க. கோர்ட்டுக்குப் போவேன்னு நிக்கறாங்க."

பிரமிளா திடுக்கிட்டாள். கோர்ட் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. போட்டுக் கொடுக்கிறாளே, பாவி!

ஆனால் அந்த வார்த்தைக்கு பிரின்சிபல் நிமிர்ந்தார்.

"ஓபன் ஸ்கூலுக்குத் தடை இருக்கே?" என்றார். பிறகு போர்டைப் பற்றிக் கேட்டார். பிறகு பார் கவுன்சிலைப் பற்றிக் கேட்டார்.

கவுண்ட்டரில் வந்த அதே மூன்று கேள்விகள், அதே வரிசையில். பிரமிளாவின் பதில்கள் தெலுங்கில், சுருக்கமாக, தடுமாற்றமே இல்லாமல் வந்து விழுந்தன. நைனா கதை ஒரு வரி இல்லை.

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அந்தப் பத்தியை முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைசிவரை படித்தார். திரும்பவும் ஒருமுறை படித்தார். பைலில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"சேத்துக்கோங்க. இதே மாதிரி படிச்சு வர்றவங்க யாரா இருந்தாலும் சேத்துக்கோங்க."

வெளியே வந்ததும் பிரமிளா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். "பாத்தீங்களா மேடம்? இனிமேலாவது ரூலை முழுசாப் படிங்க."

"படிச்சிருக்கேன்மா. போன வாரமே அவருகிட்ட மூணு வாட்டி சொன்னேன். இதே மூணு கேள்வியையும் கேட்டுட்டு, 'உன் கிளார்க் வேலையைப் பாரு'ன்னுட்டாரு" என்றாள் யசோதா சாதாரணமாக.

பிரமிளா, நாற்காலியைப் பற்றிச் சொன்னதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யசோதா அவளைக் கவனிக்கவில்லை. கவுண்ட்டருக்குப் போய் அலமாரியைத் திறந்து, திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவாகியும் அனுப்பாமல் வைத்திருந்த ஓபன் ஸ்கூலில் படித்தவர்களின் ஏழு பைல்களை எடுத்து மேஜைமேல் போட்டாள். மேலாக இருந்ததில் நம்பரைப் பார்த்து போன் செய்தாள்.

"கங்காதர நெல்லூர் ஹரிதாவா? முந்தாநேத்து கேள்வி கேட்டு உன்னை அழ வச்சு அனுப்பினேனே, அந்த யசோதாதான் பேசறேன். அதுக்கெல்லாம் பதில் சொல்ல இன்னிக்கு ஒருத்தி வந்துட்டாம்மா... கெளம்பு, அஞ்சு மணிக்குள்ள வந்து உன் சீட்டை வாங்கிக்கோ!"