பாம்பு பிடிக்கத் தெரியாதவள்

பாம்பு என்று சத்தம் கேட்டதும் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அவள் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

குடோனில் பாதிப் பேர் வாசலுக்கு ஓடியிருந்தார்கள். மீதிப் பேர் வாசலையும் தாண்டி. சூப்பர்வைசர் தணிகைவேல் எடை மேடை மேல் ஏறி நின்றார்.

அது எண்பத்தொன்பது கிலோ என்று காட்டியதைப் பேக்கிங் பெண்கள் பார்த்துவிட்டார்கள். வெளியில் எழுபது என்று சொல்லி வந்த மனுஷர்.

சோப்புப் பெட்டி அடுக்கின் அடியில் நுழைந்ததாம். சாரை என்றான் ஒருவன். நாகம் என்றான் இன்னொருவன். ஆளுக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டே போனது. யார் பார்த்தது என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கை காட்டினார்கள்.

"ஏம்மா, உங்க ஆளுங்களுக்கு இது கைவந்த வேலையாச்சே," என்றார் தணிகைவேல், மேலே நின்றபடியே. "போம்மா. புடிச்சு அந்தாண்ட வுட்டுட்டு வா."

இருளர் வீட்டுப் பெண். அதனால் பாம்பு.

போன வாரம்தான் இதே இடத்தில் கூட்டம் போட்டார்கள். ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து, பழங்குடி மக்களோடு எப்படி மரியாதையாக வேலை செய்வது என்று மதியம் வரை வகுப்பெடுத்தார். லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அதிகம் கை தட்டியது தணிகைவேல். வறுவலை இரண்டாம் முறை வாங்கியதும் அவர்தான்.

சுவரில் இன்னும் அந்தப் போட்டோ இருக்கிறது. அவளும் அவரும். நடுவில் ஒரு லட்டு.

அவள் ஒட்டிய லேபிளைத் தடவிச் சமன் செய்தாள்.

பெட்டி அடுக்கைத் தூக்கி ஏற்றும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அரசுப் பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறியவள். வகுப்பில் முதல் ஆள் என்று கேள்வி.

வந்த நாளிலிருந்து லேபிள்.

கேட்டால், "பொம்பளப் புள்ள, அதுலயும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார் தணிகைவேல். முடித்தால் வம்பு என்று மேடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வகுப்பில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இன்றைக்கு வழக்கமான ஓட்டுநர் லீவு. மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. வாசலில் லாரி காத்துக்கொண்டிருந்தது. அப்போதும் பக்கத்துக் குடோனுக்குப் போன் போட்டு ஆள் கேட்டாரே தவிர, தன் பெல்ட்டில் தொங்கிய வண்டிச் சாவியைக் கழற்றவில்லை.

அவள் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எடை மேடை வரைக்கும் வந்து நின்றாள்.

"எனக்குப் பாம்புன்னா பயம் சார்."

யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள்.

பொய்யில்லை. பேக்கிங் எஸ்தர் எப்போதோ விசாரித்து வைத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளை. வீட்டுக்குள் ஓணான் வந்தாலே மூன்று பேரும் கட்டில் மேல்.

"உங்கள மாதிரிதான்," என்றாள், மேடை மேல் நின்றவரைப் பார்த்து.

கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க. அடுக்க வண்டியில தூக்குறேன். அது தானா போயிடும்."

தணிகைவேல் வண்டியைப் பார்த்தார். அடுக்கைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

தரை ரொம்பக் கிட்டே இருந்தது.

சாவி வந்தது.

ஏறினாள். சீட் பெல்ட்டை மாட்டினாள். வழக்கமான ஓட்டுநர் அதில் துண்டு மட்டும்தான் காயப்போடுவார்.

வண்டியின் இரண்டு இரும்புக் கைகளும் அடிப்பலகைக்குள் உரசாமல் நுழைந்தன. அடுக்கு எழுந்தது. ஒரு பெட்டி அசையவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே வண்டியை எடுத்தாள்.

சுருண்டு கிடந்தது, வெளிச்சம் பட்டதும் நெளிந்தது. சுவரோரமாக ஓடிச் சாக்கடைத் துவாரத்தில் மறைந்தது. சொன்னதில் கால்வாசி நீளம்கூட இல்லை.

"என்ன பாம்பும்மா அது?" வாசலுக்கு வெளியிலிருந்து கேட்டார்கள்.

"தெரியலையே. கிட்டப் போய்ப் பாத்துச் சொல்லுங்களேன்."

யாரும் போகவில்லை.

தணிகைவேல் மேடையிலிருந்து இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பழைய அதிகாரக் குரலும் கூடவே இறங்கி வந்துவிட்டது.

"சரி சரி, போதும். எறங்கும்மா. பக்கத்து குடோன்லேர்ந்து ஆளு வருது."

அவள் இறங்கவில்லை.

அடுக்கோடு வண்டியை லாரிப் பக்கம் திருப்பினாள்.

லாரிக்காரர் பீடியை எறிந்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். யார் ஏற்றினால் அவருக்கு என்ன, பொழுதோடு சரக்கு ஏறினால் சரி.

வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றார் தணிகைவேல். இடுப்பில் கை.

எஸ்தர் டேப் ஒட்டுவதை நிறுத்தினாள். பேக்கிங் மொத்தமும் நிறுத்தியது. சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை, இதைப் பார்க்காமல் விட முடியாது.

அவள் வண்டியை நிறுத்தினாள். அவர் முகம் தெரிகிற அளவுக்கு அடுக்கைத் தாழ்த்தினாள். காத்திருந்தாள்.

அவர் நகரவில்லை.

வழியில் ஆள் நின்றால் ஒரு முறை ஹார்ன் அடிக்க வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருவது.

அடித்தாள்.

ஹார்ன் யாருக்கு என்று தணிகைவேல் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை. லாரி மட்டும், கதவு திறந்தபடி.