மறக்கவே முடியாத பெயர்

பாஸ்போர்ட்டில் மனைவியின் பெயரைச் சேர்க்கத் திருமணச் சான்றிதழ் வேண்டுமாம். அதன் நகல் இருப்பதோ, கல்யாணத்துக்கு முன்பே நான் தொடங்கிய, இப்போது கடவுச்சொல் மறந்துபோன பழைய மின்னஞ்சலில். திறக்கப் போனால் அது ஒரு கேள்வி கேட்டது: ‘உங்களால் மறக்கவே முடியாத பெயர் எது?’ அன்றைக்கு அந்தக் கேள்வியை எழுதிவைத்த மகானுபாவன் நானேதான். பதில்தான் நினைவில்லை. அடுக்களையில் இருந்த மனைவியின் காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவள் பெயரை அடித்தேன்: பூங்கோதை. தவறு. அம்மாவின் பெயரைப் போட்டேன். அதுவும் தவறு. இன்னும் ஒரே ஒரு முறைதான், அப்புறம் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று மிரட்டியது. “நான்தான்டா நான்! என் வீட்டுக்குள்ள போக உன்கிட்ட கெஞ்சணுமா?” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் நிதானமாக அடித்தாள். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துகளை மறைத்த ஆறு புள்ளிகள்தான். அஞ்சல் பெட்டி திறந்துகொண்டது. எந்தப் பெயர் என்று கேட்காமல் அவசரமாகச் சான்றிதழைத் தேடத் தொடங்கினேன்.

“இதையும் நானேதான் ஞாபகம் வச்சுக்கணுமா?” என்றபடி அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள்.