கூட்டத்தில் மங்கலானவை

பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு சாதிகாவுக்கு மிஞ்சியது, காலேஜ் வானியல் புரொபசரின் உதவியாளரான அண்ணன் ஜமீல் கொண்டுவரும், தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள்தான். பூதக்கண்ணாடி வைத்து அவற்றில் உருண்டையாகவும் சுருளாகவும் தெரியும் நட்சத்திர மண்டலங்களை எண்ணுவாள்.

"அண்ணே, மண்டலங்க நெருக்கமா இருக்கிற கூட்டத்துல உருண்டை மட்டும்தான் இருக்குன்னு எழுதாதீக. சுருளும் மங்கலாக் கெடக்கு. பளிச்சுன்னு இருக்கிறதையே பொறுக்குனா எப்படித் தெரியும்?"

"அம்புட்டுக் கூட்டத்துல ஒனக்கு மட்டும் தெரியுதாக்கும்!" ஜமீல் அவள் எண்ணி எழுதிய தாளை வாங்கிப் போனான்.

மறுவாரம் புரொபசரே வீட்டுக்கு வந்தார். திரைக்குப் பின்னால் நின்று சாதிகா கேட்டாள்.

"மங்கலான சுருளையெல்லாம் அருமையாக் கண்டுபிடிச்சிருக்கே ஜமீல்! இன்னும் நூறு படம் வருது. எண்ணுறதுக்குப் பொண்ணுங்களை வேலைக்கு எடுக்கிறோம், வீட்டிலிருந்தே செய்யலாம். இவ்வளவு பெரிய குடும்பத்தில் விவரமான பொண்ணு யாராவது உண்டா?"

ஜமீல் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க கூட்டத்துல அப்படி யாருமில்ல, சார்."